எண்ணெய் குறைந்த அடுப்படி: இளம் சமையற்கலைஞருக்கு ஒரு கடிதம்

வீட்டுச் சமையலைக் கலையாக எண்ணிக் கற்கத் தொடங்கியிருக்கும் இளையவருக்கு,

கொழுப்பைக் குறைத்துச் சமைப்பது என்றவுடன், வழக்கமான செய்முறையிலிருந்து எண்ணெயை மட்டும் கழித்துவிட்டு, எஞ்சியதைப் பொறுத்துக்கொண்டு உண்பது என்றே பெரும்பாலோர் பொருள்கொள்கின்றனர். அவ்வாறு கழித்துச் சமைத்த குழம்பு எந்த வீட்டிலும் ஒரு வாரத்துக்கு மேல் நிலைப்பதில்லை. உண்பவர் முகம் சுளிக்க, சமைத்தவர் மனம் சலிக்க, எட்டாம் நாள் எண்ணெய்த் தூக்கு பழைய இடத்துக்கே வந்து சேர்கிறது. நாக்கின் பிடிவாதமே இதற்குக் காரணம் என்று சொல்லப்படுவது முழு உண்மையாகாது. எண்ணெய் சட்டிக்குள் பல வேலைகளைச் செய்கிறது: அடுப்பின் சூட்டைப் பொருளின் எல்லாப் பக்கங்களுக்கும் கொண்டுசேர்க்கிறது, நீரில் கரையாத மணப்பொருள்களைத் தன்னுள் கரைத்து உணவு முழுவதும் பரப்புகிறது, காய் அடிப்பிடிக்காமல் பொன்னிறமாக உதவுகிறது, நாக்கில் படர்ந்து வழவழப்பான நிறைவைத் தருகிறது, மசாலா வெந்துவிட்டதா என்பதைச் சமைப்பவருக்கு அறிவிக்கவும் செய்கிறது. இத்தனை வேலைகளைச் செய்துவந்த ஒன்றைக் குறைக்கும்போது அவற்றை எவை எவற்றிடம் ஒப்படைப்பது என்று அறிந்திருக்கவேண்டும். அந்த அறிவில்லாமல் அளவை மட்டும் குறைப்பவர் சுவையையும் சேர்த்தே குறைத்துவிடுகிறார்.

முதலில் அளவைப் பற்றிச் சொல்லவேண்டும். மாவுச்சத்தும் புரதமும் கிராமுக்கு 4 கிலோகலோரி ஆற்றல் தர, கொழுப்பு கிராமுக்கு 9 கிலோகலோரி தருகிறது. ஆகவே 15 மில்லி பிடிக்கும் ஒரு மேசைக்கரண்டி எண்ணெய், அது நல்லெண்ணெயாக இருந்தாலும் கடலை எண்ணெயாக இருந்தாலும், ஏறத்தாழ 14 கிராம் எடையும் 125 கிலோகலோரி ஆற்றலும் கொண்டது. ஐதராபாத்தில் இயங்கும் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024-இல் வெளியிட்ட உணவு வழிகாட்டி, நாளொன்றுக்கு 2000 கிலோகலோரி உண்ணும் ஒருவருக்கு எண்ணெய், நெய் முதலிய கொழுப்புகள் எல்லாம் சேர்ந்து 27 கிராம் என்று வகுத்திருக்கிறது. இது இரண்டு மேசைக்கரண்டிக்குச் சற்றுக் குறைவான அளவு. அத்தகைய நால்வர் வாழும் வீட்டுக்கு மாதம் மூன்றரை லிட்டர் என்று கணக்கு வருகிறது. இந்த எண்ணை மனத்தில் வைத்துக்கொண்டு தம் வீட்டு மளிகைச் சீட்டைப் பார்ப்பவருக்கு, வாணலியில் எவ்வளவு போகிறது என்பதை வேறொருவர் சொல்லவேண்டியதில்லை. பாக்கெட்டை வெட்டி நேராகச் சட்டியில் சரிப்பதும், புட்டியைச் சாய்த்து ஒரு சுற்றுச் சுற்றுவதும் கைப்பழக்கங்கள்; அவற்றில் எவ்வளவு விழுந்தது என்பது கண்ணுக்குத் தெரியாது. தூக்குக்குள் 5 மில்லி பிடிக்கும் தேக்கரண்டி ஒன்றைப் போட்டுவைத்து, அதனால் மட்டுமே எடுப்பது என்ற ஒழுங்கு, வேறெந்த நுட்பத்தையும் கற்பதற்கு முன்பாகவே பாதி வேலையை முடித்துத் தருகிறது.

இனி, தமிழில் எழுதப்படும் சமையற்குறிப்புகளில் மீண்டும் மீண்டும் வரும் ‘எண்ணெய் பிரிந்து வரும் வரை வதக்கவும்’ என்ற தொடரைக் கவனிக்கவேண்டும். வெங்காயமும் தக்காளியும் மசாலாவும் சேர்ந்த கலவையில் நீர் இருக்கும்வரை எண்ணெய் அதனுள் சிறு துளிகளாகக் கலந்தே இருக்கிறது; நீர் ஆவியாகி வற்றியதும் அதைப் பிடித்துவைக்க எதுவுமில்லாமல் எண்ணெய் ஓரங்களில் ஒதுங்கிப் பளபளக்கிறது. நீர் வற்றிய பிறகே கலவையின் சூடு 100 பாகை செல்சியஸைத் தாண்ட முடியும் என்பதால், எண்ணெய் பிரிவது என்பது மசாலா உண்மையிலேயே வறுபடத் தொடங்கிவிட்டது என்பதற்கான அறிகுறி. அறிகுறிக்கு மேல் அதில் ஒன்றுமில்லை. ஆனால் ஒதுங்கிக் காட்டுமளவுக்கு எண்ணெய் வேண்டுமானால் மூன்று நான்கு மேசைக்கரண்டி ஊற்றியாகவேண்டும். ஒரு தேக்கரண்டி எண்ணெயில் செய்யும் கலவை எவ்வளவு நன்றாக வெந்தாலும் அது பிரிந்து வராது. அதற்காகக் காத்திருக்கும் இளையவர் மசாலாவைத் தீய்த்துவிடுகிறார், அல்லது பொறுமையிழந்து எண்ணெயைச் சேர்த்துவிடுகிறார்.

ஆகவே வேறு அறிகுறிகளைப் படிக்கக் கற்கவேண்டும். நூறு கிராம் வெங்காயத்தில் 85 கிராமுக்கு மேல் நீரே இருப்பதால், அடிகனமான சட்டியில் ஒரு தேக்கரண்டி எண்ணெயில் வெங்காயத்தைப் போட்டு, அப்போதே உப்பைத் தூவி, மூடியிட்டுச் சிறுதீயில் ஐந்து நிமிடம் விட்டால், உப்பு இழுத்துக்கொணர்ந்த தன் நீரிலேயே அது வதங்கி நிறம் மங்கித் துவண்டுவிடும். பிறகு மூடியை எடுத்துத் தீயைக் கூட்டும்போது சட்டியின் ஒலி மாறுகிறது: முதலில் கொதிக்கும் நீரின் சளசளப்பு, பிறகு இடைவெளி விட்டுவிட்டு வரும் சிறு படபடப்பு. அடியில் பழுப்பாக ஒட்டத் தொடங்கியதும் ஒரு மேசைக்கரண்டி நீரைத் தெளித்துச் சுரண்டினால் அந்தப் பழுப்பு கரைந்து வெங்காயத்திலேயே ஏறும். மீண்டும் வற்றவிட்டு மீண்டும் தெளித்து, மூன்று முறை இதைச் செய்தால் எண்ணெயில் வதக்கிய நிறமும் மணமும் கிடைத்துவிடும். இந்த நிறமாற்றத்தைப் பிரெஞ்சு வேதியியலாளர் லூயி கமீல் மயார் 1912-இல் விளக்கினார். சர்க்கரையும் அமினோ அமிலமும் சூட்டில் கூடிப் பழுப்பு நிறத்தையும் நூற்றுக்கணக்கான மணப்பொருள்களையும் உண்டாக்கும் அவ்வினை அவர் பெயராலேயே மயார் வினை எனப்படுகிறது. அது விரைந்து நடக்கச் சூடும் வறட்சியும் வேண்டுமே தவிர எண்ணெய் கட்டாயமில்லை. தக்காளியும் பொடிகளும் சேர்ந்த பிறகு பார்க்கவேண்டியவை மூன்று: கரண்டியால் நடுவே ஒரு கோடு இழுத்தால் அது உடனே மூடிக்கொள்ளாமல் நிற்கவேண்டும், நிறம் ஒரு படி கறுக்கவேண்டும், பச்சை வாடை போயிருக்கவேண்டும். இம்மூன்றில் மூக்கே கடைசித் தீர்ப்பைச் சொல்லும் உறுப்பு. மல்லித்தூளின் பச்சை வாடைக்கும் வெந்த வாடைக்கும் உள்ள வேறுபாட்டைக் கண்ணை மூடிக்கொண்டு சொல்லத் தெரியும் நாளில் இளையவர் எண்ணெயின் துணையில்லாமல் குழம்பு வைக்கக் கற்றுவிட்டார் எனலாம்.

தாளிப்பைப் பற்றி இன்னும் விரிவாகச் சொல்லவேண்டும், ஏனெனில் எண்ணெயைக் குறைப்பவர் முதலில் கைவைப்பது அதன்மேல்தான். கைவைக்கக் கூடாததும் அதுவே. சங்க இலக்கியம் தாளிப்பைக் ‘குய்’ என்று குறிக்கிறது. குறுந்தொகையின் 167-ஆம் பாடல், புதிதாக மனையறம் தொடங்கிய இளம்பெண் ஒருத்தி தாளிப்புப் புகை கண்ணில் படியப் புளிக்குழம்பு ஆக்கியதையும், கணவன் அதைச் சுவைத்து உண்டபோது அவள் முகம் நுட்பமாக மலர்ந்ததையும் காட்டுகிறது. இத்தனை நூற்றாண்டுகள் நிலைத்திருக்கும் ஒரு முறைக்குத் தக்க காரணம் உண்டு. கடுகின் உறைப்பு, அது நசுங்கி நீர்பட்டால் அதிலுள்ள நொதி வேலைசெய்வதால் பிறப்பது. சூடான எண்ணெயில் அந்த நொதி அழிந்துவிடுவதால் உறைப்பு நீங்கி, கொட்டைப் பருப்பையொத்த மணம் மிஞ்சுகிறது. பெருங்காயம், ஈரானிலும் ஆப்கானிஸ்தானிலும் வளரும் ஒருவகைச் செடியின் வேரிலிருந்து வடியும் பிசின். கந்தகச் சேர்மங்கள் நிறைந்த அதன் முரட்டு வாடை, காய்ந்த எண்ணெயில் சில நொடிகளில் வெங்காயமும் பூண்டும் கலந்ததுபோல் கனிந்துவிடுகிறது. மிளகாயின் காரப்பொருளும் மஞ்சளின் நிறப்பொருளும் எண்ணெயில் கரைபவை, நீரில் கரையாதவை. ஆகவே ஒரு தேக்கரண்டி எண்ணெயை எங்கே செலவிடுவது என்று கேட்டால், அதைத் தாளிப்புக்கென ஒதுக்குவதே சிறந்தது. அதே தேக்கரண்டி குழம்பின் தொடக்கத்தில் விழுந்தால் எங்கே போனதென்றே தெரியாது.

ஆனால் அந்த ஒரு தேக்கரண்டியை அகன்ற வாணலியில் ஊற்றினால் அது மெல்லிய படலமாகப் பரவிவிடும். கடுகு அதில் மூழ்காமல் வெறும் இரும்பின்மேல் உருண்டு, ஒரு பக்கம் கருகி மறுபக்கம் பொரியாமல் நிற்கும். உள்ளங்கை அகலமுள்ள குழிந்த இரும்புத் தாளிப்புக் கரண்டியில் அதே எண்ணெய் ஒரு குட்டைபோல் தேங்குவதால் அரைத் தேக்கரண்டிக் கடுகு முழுவதும் அதில் நனைகிறது. எண்ணெய் காய்ந்ததைச் சோதிக்க முதலில் இரண்டு கடுகைப் போட்டுப் பார்த்து, அவை வெடித்த பிறகே மீதியைப் போடவேண்டும். வெடிப்பு தணியும் தறுவாயில் உளுத்தம்பருப்பு, அது பொன்னிறமாகத் தொடங்கியதும் கிள்ளிய மிளகாய், அடுப்பை அணைத்த பின் பெருங்காயமும் ஈரமில்லாமல் துடைத்த கறிவேப்பிலையும் என்ற வரிசை, ஒவ்வொரு பொருளும் தாங்கக்கூடிய சூட்டின் வரிசையே ஆகும். அதைக் கொதிக்கும் குழம்பில் கொட்டியவுடன் மூடிவிடவேண்டும், எழும் ஆவி மணத்தோடு வெளியேறாமலிருக்க. அவியல் இறக்கும்போது பச்சைத் தேங்காய் எண்ணெயைக் கறிவேப்பிலையோடு மேலே விடும் வழக்கத்திலும் இதே அறிவு இருக்கிறது: கடைசியில் சேர்க்கும் கொழுப்பின் மணம் கொதித்துப் போய்விடாமல் தட்டுவரை வந்து சேர்கிறது. பருப்புச் சோற்றின்மேல் விடும் அரைத் தேக்கரண்டி நெய்க்கும் இது பொருந்தும்.

ஆவியில் வேகவைப்பது தமிழர் அடுப்படிக்குப் புதிதன்று. இட்லி, இடியாப்பம், புட்டு, கொழுக்கட்டை என்று காலை உணவின் பெரும்பகுதி அதனாலேயே ஆகிறது. ஆனால் காய்கறிக்கும் பருப்புக்கும் அதைக் கொண்டுசெல்லத் தெரிந்தவர் குறைவு. பருப்பு உசிலியை எடுத்துக்கொள்ளலாம். ஊறிய துவரம்பருப்பை மிளகாயோடு அரைத்து, வேகவைத்த கொத்தவரங்காயோ பீன்ஸோ சேர்த்து உதிர் உதிராகச் செய்யும் இந்தப் பொரியல், பல வீடுகளில் நான்கைந்து மேசைக்கரண்டி எண்ணெயை உறிஞ்சிக்கொள்கிறது, ஏனெனில் அரைத்த பச்சை மாவை அப்படியே வாணலியில் போட்டால் அது ஒட்டாமல் உதிர எண்ணெயைத் தவிர வேறு வழியில்லை. அதற்குப் பதிலாக, ஒரு மணி நேரம் ஊறிய பருப்பை நீரை முற்றிலும் வடித்து, ஒரு சொட்டுகூடச் சேர்க்காமல் கொரகொரப்பாக அரைத்து, இட்லித் தட்டில் மெல்லியதாகப் பரப்பிப் பதினைந்து நிமிடம் ஆவியில் வைத்தால் அது கெட்டியான அடையாக வெந்துவிடும். சூடாக இருக்கும்போது உதிர்த்தால் களிபோல் பிசையும். கை பொறுக்கும் அளவுக்கன்று, நன்றாகவே ஆறிய பிறகு விரல்நுனியால் உதிர்த்தால் ரவைபோல் பிரியும். அகன்ற வாணலியில் இரண்டு தேக்கரண்டி எண்ணெயில் தாளித்து, இதைப் பரப்பிச் சிறுதீயில் எட்டு நிமிடம் அடிக்கடி கிளறாமல் உலரவிட்டால், ஓரங்கள் லேசாக மொறுமொறுக்கும். வேகவைக்கும் வேலையை ஆவி ஏற்றுக்கொண்டதால், எண்ணெய்க்கு எஞ்சியது மணம் சேர்ப்பது மட்டுமே.

கத்தரிக்காயின் கதையும் அத்தகையது. அதன் சதை காற்றறைகள் நிறைந்த கடற்பஞ்சைப் போன்றதாகையால் பச்சையாக எண்ணெயில் விழுந்தால் ஊற்ற ஊற்றக் குடிக்கும். நான்கு நிமிடம் ஆவியில் காட்டிவிட்டால் அவ்வறைகள் அமுங்கி, பிறகு ஒரு தேக்கரண்டி எண்ணெயே போதுமென்றாகிறது. அடுப்புத் தணலில் நேராகச் சுட்டுத் தோலுரித்துப் புளியும் பச்சைமிளகாயும் சேர்த்துப் பிசையும் கொத்சுக்கு அதுகூட வேண்டாம். தோல் கருகியதால் வந்த புகைமணமே அங்கே எண்ணெயின் இடத்தை நிரப்புகிறது. வெண்டைக்காயைக் கழுவித் துடைத்து ஈரம் போன பின்பே நறுக்கி, அகன்ற சட்டியில் மூடாமல் வதக்கி, பாதியில் ஒரு கரண்டி புளித்தண்ணீரையோ மோரையோ தெளித்தால், புளிப்பு அதன் வழவழப்பை முறித்துவிடும்.

குழம்புக்கு உடலைத் தருவது, அதாவது நாக்கில் நிற்கும் கெட்டித்தன்மையைத் தருவது, கொழுப்பின் வேலைகளில் மாற்றாள் கிடைப்பதற்கு எளிதானது. கீரைச் சட்டியில் மத்தால் கடைந்த கீரையும் கடைந்த பருப்பும் எண்ணெயில்லாமலே வெண்ணெய்போல் வழவழப்பாவதை எல்லா வீடுகளும் அறியும். தேங்காயில்தான் கணக்குத் தவறுகிறது. எண்ணெயைச் சொட்டுச் சொட்டாக அளந்த பிறகு ஒரு மூடித் தேங்காயை அரைத்து ஊற்றுபவர், துருவலின் எடையில் மூன்றிலொரு பங்குக்குக் குறையாமல் கொழுப்பு இருப்பதை மறந்துவிடுகிறார். எள், நிலக்கடலை, முந்திரி, கசகசா ஆகியவற்றில் கொழுப்பு அதனினும் கூடுதல். இவை விலக்கவேண்டிய பொருள்கள் என்று இக்கடிதம் சொல்லவில்லை, கணக்கில் சேர்க்கவேண்டியவை என்றே சொல்கிறது. சட்னியிலும் கூட்டிலும் தேங்காயைப் பாதியாக்கி, நூற்றில் ஆறு அளவே கொழுப்புள்ள பொட்டுக்கடலையை மறுபாதியாகச் சேர்த்தால் மணம் குன்றாமல் கெட்டித்தன்மையும் நிற்கும். மோர்க்குழம்பில் மட்டும் ஓர் எச்சரிக்கை தேவை: ஆடை நீக்கிய பாலில் உறைந்த தயிர், கொழுப்புள்ள தயிரைக் காட்டிலும் விரைவில் திரிந்துபோகும். ஊறவைத்த பச்சரிசியும் துவரம்பருப்பும் சீரகமும் சேர்த்து அரைத்த விழுதில் உள்ள மாவுச்சத்து, பாற்புரதங்கள் ஒன்றோடொன்று கட்டிப்படாமல் இடைநின்று தடுப்பதால், அத்தகைய தயிருக்கு விழுதைச் சற்றுக் கூட்டவேண்டும். கொதிக்கவிடாமல், நுரை கூடிப் பொங்கிவரும் நொடியில் இறக்கவேண்டும்.

எண்ணெயே இல்லாமல் நிறைவான உணவு ஆக்க முடியுமா என்ற ஐயம் எழுமானால், யாழ்ப்பாணத்து ஒடியல் கூழைப் பார்க்கவேண்டும். பனங்கிழங்கைப் பச்சையாகக் கிழித்துக் காயவைத்தது ஒடியல். அதை இடித்த மாவை நீரில் ஊறவைத்துக் கசப்பு நீங்க வடித்து, மீன், நண்டு, இறால், பயற்றங்காய், பலாக்கொட்டை, மரவள்ளி எல்லாம் வெந்துகொண்டிருக்கும் பானையில், புளியோடும் அரைத்த செத்தல் மிளகாயோடும் கரைத்துவிடுவர். தாளிப்பு இல்லை, தேங்காய்ப்பாலும் இல்லை. கடலுணவின் சாரமும் மாவின் கெட்டியும் புளிப்பும் உறைப்பும் சேர்ந்து, பனையோலையில் கோலிய பிளாவில் வார்த்துக் குடிப்பவரை வேறொன்றும் கேட்காமல் இருக்கச் செய்கின்றன. கொங்கு நாட்டின் கொள்ளு ரசமும் இதற்கு இணையானது: நூற்றில் இருபதுக்கு மேல் புரதமும் மிகச் சொற்பக் கொழுப்பும் கொண்ட கொள்ளை வேகவைத்து, நீரை ரசத்துக்கும் பருப்பைத் துவையலுக்கும் பயன்படுத்தும் சிக்கனத்தில் சத்து ஒன்றும் வீணாவதில்லை. குறைந்த கொழுப்பு உணவு என்றவுடன் ஓட்ஸையும் ஆலிவ் எண்ணெயையும் தேடி ஓடும் இளையவர், அவை நல்லவையே ஆயினும், தம் ஊரின் கூழையும் கடைசலையும் ரசத்தையும் முதலில் கற்பது முறை.

மீனும் இறைச்சியும் தம்முள்ளேயே கொழுப்பைக் கொண்டவை. தென்மாவட்டங்களில் சாளை என்று வழங்கும் மத்தி மீனில் இதயத்துக்கு உகந்த ஒமேகா-3 கொழுப்பு இயல்பாகவே இருப்பதால், மண்சட்டிக் குழம்பில் அதற்கென எண்ணெய் தேவையில்லை. மிளகும் பூண்டும் புளியும் தடவி வாழையிலையில் மடித்துத் தோசைக்கல்லில் மூடிவைத்தால் தன் நெய்யிலேயே அது வெந்துவிடும். கோழியில் கொழுப்பின் பெரும்பங்கு தோலிலும் தோலுக்கடியிலும் இருப்பதால், தோலை உரிப்பதே முதல் வேலை.

கொழுப்பு குறைந்தவுடன் கை தானாகவே உப்பையும் மிளகாயையும் நோக்கிப் போகும். இதைத் தடுக்காவிட்டால் ஒரு கேட்டை நீக்கி மற்றொன்றைக் கொண்டுவந்ததாக முடியும். உலக நலவாழ்வு அமைப்பு ஒரு நாளுக்கு வகுத்திருக்கும் உப்பின் அளவு 5 கிராமுக்குக் கீழ், அதாவது ஒரு தேக்கரண்டிக்குள். சுவை மந்தமாகத் தோன்றும் கூட்டில் உப்பைச் சேர்க்குமுன் அரை மூடி எலுமிச்சையைப் பிழிந்து பார்க்கவேண்டும், ஏனெனில் புளிப்பு உப்பின் சுவையை எடுத்துக்காட்டும் இயல்புடையது. மிளகாயையும் நான்கிலொரு பங்கு குறைப்பது நல்லது. எரிப்பைத் தணிக்கக் கொழுப்பு இல்லாத குழம்பில் பழைய அளவு மிகையாக உறைக்கும். வெறும் சட்டியில் சிறுதீயில் வறுத்து அன்றன்று பொடித்த மல்லி, மிளகு, சீரகம் ஆகியவை அந்த இடத்தை நிரப்பும். மாதக்கணக்கில் டப்பாவில் கிடந்த பொடிக்கு மணம் ஊட்ட எண்ணெயாலும் ஆகாது.

குறைப்பதற்கும் ஓர் எல்லை உண்டு என்பதை அழுத்திச் சொல்லவேண்டும். ஏ, டி, ஈ, கே ஆகிய வைட்டமின்கள் கொழுப்பில் கரைபவை. முருங்கைக்கீரையில் நிறைந்திருக்கும் கரோட்டின், உடலில் வைட்டமின் ஏ-ஆக மாறும் பொருள், சிறிதளவு கொழுப்போடு உண்ணும்போதே நன்கு உறிஞ்சப்படுகிறது. உடல் தானே உண்டாக்கிக்கொள்ள இயலாத இன்றியமையாக் கொழுப்பமிலங்களும் உணவிலிருந்தே வரவேண்டும். இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தையின் உணவில் கொழுப்பைக் குறைக்கவே கூடாது. வளரும் மூளைக்கு அது வேண்டும். நோயுற்றவருக்கோ கருவுற்றவருக்கோ சமைப்பவர், மருத்துவர் சொன்ன அளவுக்கு மேல் தம் ஆர்வத்தால் ஒன்றும் குறைக்கலாகாது.

பொரித்த பண்டங்களைப் பற்றி ஒரு நேரான கருத்து: தீபாவளிக்கு முறுக்கும், மழைநாளில் பஜ்ஜியும் பொரித்தே செய்யப்படவேண்டும். ஏர்ஃப்ரையரில் செய்த பஜ்ஜி, பஜ்ஜி ஆவதில்லை. அத்தகைய போலிகளை வாரம் நான்கு நாள் உண்பதைவிட, மாதம் ஒருமுறை உண்மையானதைச் செவ்வனே பொரித்து உண்பது மேல். பொரியும்போது பண்டத்திலிருந்து வெளியேறும் நீராவி எண்ணெயை உள்ளே விடாமல் தள்ளிக்கொண்டிருக்கிறது; வெளியே எடுத்து ஆறும்போதுதான் மேலே ஒட்டிய எண்ணெய் உள்ளே இழுக்கப்படுகிறது. எனவே 170 முதல் 180 பாகைச் சூட்டில் பொரித்து, எடுத்தவுடன் சூட்டோடு அரிகரண்டியிலேயே நன்றாக உதறி வடியவிட்டால் பண்டம் குடிக்கும் எண்ணெய் கணிசமாகக் குறையும். ஆறிய பிறகு காகிதத்தில் ஒற்றிப் பயனில்லை. மிஞ்சிய எண்ணெயை மறுமுறை பொரிக்கப் பயன்படுத்தாமல், இரண்டொரு நாளில் தாளித்துத் தீர்த்துவிடவேண்டும். அப்பளத்துக்கு இந்தப் பாடு எதுவும் இல்லை. தணலில் சுட்டாலே அது மணக்கும்.

இவையனைத்தையும் கற்ற பின்பும், ஒரு வீட்டின் நாக்கை ஒரே நாளில் மாற்றிவிட முடியாது. வழக்கமாக நான்கு கரண்டி ஊற்றிய குழம்பில் முதல் வாரம் மூன்று, அடுத்த வாரம் இரண்டு என்று இறங்குவதும், இறங்கியதைப் பந்தியில் அறிவிக்காமல் இருப்பதும் அறிவுடைமை. இன்று எண்ணெயில்லாத சமையல் என்று சொல்லிப் பரிமாறினால், உண்பவர் குறையைத் தேடியே முதல் கவளத்தை எடுப்பார். வீட்டின் முதியவர் ஒருவர் தமக்கு மட்டும் இரண்டு சொட்டு நல்லெண்ணெய் வேண்டுமென்றால் அதை மறுக்கவேண்டியதில்லை. இட்லிப் பொடியில் குழைத்த அந்த எண்ணெய் அவர் வாழ்நாள் முழுவதும் உண்டு பழகிய சுவை, அவருடைய உடல்நிலை இடம் தருமானால் அது அவருக்குரியது.

தொடங்குவதற்கு அதிகமாக ஒன்றும் வாங்கவேண்டியதில்லை: குழிந்த தாளிப்புக் கரண்டி ஒன்று, அடிகனமான சட்டி ஒன்று, தூக்கில் போட ஒரு தேக்கரண்டி. அடுத்த எண்ணெய்ப் பாக்கெட்டைப் பிரிக்கும் நாளில் அதன்மேல் தேதியை எழுதிவைத்து, அது தீரும் நாளையும் கீழே குறித்துக்கொள்ளுமாறு இளையவரை இக்கடிதம் அன்போடு கேட்டுக்கொள்கிறது.